ஜீப்புக்கு மேலே அலங்காரம், அடியிலே துரு

"அண்ணே, பழைய ஜீப் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். வாங்கி நல்லா பில்ட் பண்ணி ஃபேமிலியோட கேம்பிங் போகலாம்னு ஐடியா."

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நம்ம ஆட்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் இப்போதெல்லாம் இந்த வசனம் அடிக்கடி காதில் விழுகிறது. ஐடியா நல்ல ஐடியாதான். பிழைக்க வந்த ஊரில் வருஷம் பூரா லோக்கல் ரயிலில் நசுங்கிவிட்டு, லீவு விட்டால் தாதர் ஸ்டேஷனில் ஊருக்கு ரயில் ஏறுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத குடும்பங்கள் நாம். சஹ்யாத்ரி மலை இத்தனை பக்கத்தில் இருந்தும் பாதிப் பேர் லோனாவாலாவில் சிக்கி வாங்கியதோடு சரி. ஜீப் எடுத்துக்கொண்டு பண்டார்தரா பக்கம் போய் ஒரு ராத்திரி தங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆகவே ஜீப்போடு எனக்குச் சண்டை இல்லை. என்னிடமும் ஒரு எம்.எம். 540 இருக்கிறது. சண்டை அந்த 'பில்ட்' என்கிற வார்த்தையோடுதான்.

என்ன பில்ட் பண்ணப் போறீங்க என்று கேட்டுப் பாருங்கள். 31 இஞ்ச் டயர், நாலு இஞ்ச் லிஃப்ட், நெற்றியில் எல்.ஈ.டி. பட்டை, இரும்பு பம்பர், வின்ச், யானை தும்பிக்கை மாதிரி ஸ்நார்க்கல், கூரை மேல் டென்ட் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். சரிங்க, பிரேக் வீல் சிலிண்டர் கடைசியாக எப்போது மாற்றினது என்று கேளுங்கள். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்ணே." கொடுமைடா சாமி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷ ஜீப்பில் மேலே மாட்டுகிற ஒவ்வொரு சாமானும் அதை முன்பைவிட மோசமான வண்டியாக ஆக்குகிறது. அந்தக் காசு முழுவதும் வண்டிக்கு அடியில் போக வேண்டிய காசு. குழந்தையைப் பின்னால் உட்கார வைத்து காட் இறங்குகிறவன் இதைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கக் கூடாது.

லிஃப்ட்டையே எடுத்துக்கொள்வோம். "கிளியரன்ஸ் வேணும்ணே, கல்லு இடிக்கும்" என்பார்கள். ஜீப்பிலும் ஜிப்ஸியிலும் தரைக்கு மிக அருகில் தொங்குவது அச்சுக்கு நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியல் உருண்டை. ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடி மேலே போகும், அச்சு எங்கேயும் போகாது, டிஃபரன்ஷியல் பழைய உயரத்திலேயே இருக்கும். கல் இடிக்கிற இடம் அப்படியே இருக்க, ஆட்கள் உட்கார்ந்திருக்கிற இடம் மட்டும் வானத்துக்குப் போகிறது. புவியீர்ப்பு மையம் உயர்ந்தால் வளைவில் கவிழ்கிற வாய்ப்பும் உயர்கிறது. புரொப்பெல்லர் ஷாஃப்ட் செங்குத்தாகச் சாய்ந்து யூ.ஜே. கிராஸைத் தின்னும். ஸ்டியரிங் ராடின் கோணம் மாறி, பள்ளத்தில் விழும்போதெல்லாம் வண்டி தன்னிஷ்டத்துக்கு ஒரு பக்கம் இழுக்கும். இத்தனையும் காசு கொடுத்து!

அச்சை நிஜமாக உயர்த்துவது பெரிய டயர் மட்டும்தான். அதற்கும் கணக்கு இருக்கிறது. ஜிப்ஸிக்குக் கம்பெனி கொடுத்தது 205/70 ஆர்15. அதன் உயரம் 26.3 இஞ்ச். அந்த இடத்தில் 31 இஞ்ச் போட்டால் தரைக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவே கூடுவது அதில் பாதி, அதாவது இரண்டே கால் இஞ்ச் சொச்சம். அதற்குக் கொடுக்கிற விலை: கியரிங் 18 சதவீதம் உயர்கிறது. 1300 சி.சி. எஞ்சின் மேட்டில் திணறும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 71-ல் போய்க்கொண்டிருக்கும். அதே டிரம், அதே ஷூ, அதே சிலிண்டர், ஆனால் நிறுத்த வேண்டிய சக்கரம் பெரிசு, கனமும் அதிகம். பிரேக்கை யாரும் 18 சதவீதம் பில்ட் பண்ணுவதில்லை :-)

"மாடிஃபை பண்ணாத ஜீப் மலை ஏறாது" என்று சொல்கிறவர்களை நான் அன்போடு கொழுக்குமலைக்கு அழைக்கிறேன். தேனி மாவட்டத்தின் தேயிலை எஸ்டேட். ஆனால் வண்டி போக வேண்டுமென்றால் கேரளா பக்கம் சூரியநெல்லியிலிருந்துதான் ஏற வேண்டும். 7,900 அடி உயரம். ரோடு என்று சொன்னால் ரோடு கோபித்துக்கொள்ளும். சூரியோதயம் பார்க்க இருட்டிலேயே கிளம்பி தினம் தினம் அதில் ஏறி இறங்குவது பழைய மஹிந்திரா ஜீப்புகள். லிஃப்ட் இல்லை, ஸ்நார்க்கல் இல்லை, ஒல்லியான டயர். ஓட்டுகிறவர்களுக்கு எந்தக் கல்லில் எந்தச் சக்கரம் வைப்பது என்று மனப்பாடம். வண்டியை நிறுத்தியதும் அடியில் எட்டிப் பார்க்கிற பழக்கம். அவ்வளவுதான் அவர்களுடைய பில்ட்.

அந்த ஜீப்பின் தாத்தா வில்லிஸ். 1940-களில் போருக்காகச் செய்த வண்டி. 80 இஞ்ச் வீல்பேஸ், 60 குதிரைத்திறன், 6.00-16 டயர். அதை வைத்துக்கொண்டு வட ஆப்பிரிக்க மணலிலிருந்து பர்மா சேறு வரைக்கும் போய் வந்தார்கள். போர் முடிந்து கொஞ்ச வருஷத்தில், 1949-ல், மஹிந்திரா அதை இதே பம்பாயில் மஜ்காவில் கட்ட ஆரம்பித்தது. நம்ம வண்டிகள் எல்லாம் அந்த வம்சம். எம்.எம். 540-ல் பெஷோ டீசல் எஞ்சின், 2112 சி.சி., சுமார் 60 குதிரை. இது வேகத்துக்குச் செய்ததல்ல. லோ ரேஞ்சில் போட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் விட்டால் எருமை மாதிரி நிதானமாக ஏறும். அந்த இரண்டாவது குட்டி கியர் லிவரில்தான் இந்த வண்டியின் மொத்த சூட்சுமமும் இருக்கிறது. அதை எப்போது போடுவது, தார் ரோட்டில் ஏன் ஃபோர் வீலைப் போடவே கூடாது, முன் சக்கரத்தில் ஹப் லாக் இருந்தால் இறங்கிப் போய்த் திருப்பாமல் முன் அச்சுக்கு இழுவையே வராது என்பதெல்லாம் தெரியாமல் வின்ச் வாங்கி என்ன புண்ணியம்?

அடுத்தது சட்டம். இதைச் சொன்னால் "அட போங்கண்ணே, எவன் புடிக்கிறான்" என்பார்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு: உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரத்துக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2017 டிசம்பரில் கிராஷ் கார்டு, புல் பார் எல்லாம் இந்தப் பிரிவுக்கு எதிரானது என்று மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து போன வழக்கில், உச்ச நீதிமன்றம் இதையே அழுத்திச் சொன்னது. அதே 2019 திருத்தச் சட்டத்தில் 182ஏ பிரிவு வந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இல்லாவிட்டால் இரண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனிக்கவும். மேலே நம்ம தம்பி ஒப்பித்த பட்டியலை எண்ணிப் பாருங்கள், தலை சுற்றும்.

அபராதம்கூடப் போகட்டும். ஏதாவது ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து முதலில் பார்ப்பது, சொல்லாமல் செய்த மாற்றம் ஏதாவது உண்டா என்றுதான். நாம் குடும்பத்தோடு வாடகை வீட்டில் இருக்கிற சம்பளக்காரர்கள். க்ளெய்மை நிராகரித்தால் ஊரில் இருக்கிற நிலத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வடக்கே மண்டி டப்வாலி மாதிரி ஊர்களில் ஆர்டர் கொடுத்தால் பழைய ஜீப்பைப் புதுசு மாதிரிக் கட்டி அனுப்புகிறார்கள். பளபளவென்று வந்து இறங்கும். ஆர்மி ஏலத்தில் எடுத்தது என்று சொல்லியும் விற்கிறார்கள். எங்கிருந்து வந்தாலும் சேஸிஸ் நம்பர் எங்கே அடித்திருக்கிறது, எஞ்சின் நம்பர் எது, இரண்டும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்பதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஒரு ஜீப்பின் காகிதமும் இன்னொரு ஜீப்பின் சேஸிஸும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிற கதை நிறைய உண்டு. தவிர 15 வருஷம் ஆன வண்டியை மறுபதிவு செய்ய ஆர்.டி.ஓ.வில் கொண்டுபோய்க் காட்டியாக வேண்டும். கட்டணமும் முன்பு மாதிரி இல்லை. 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள், 20 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2025-ல் 10,000. அது போக மகாராஷ்டிராவின் பசுமை வரி. இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நிற்கும்போது வண்டி கம்பெனி விட்ட மாதிரி இருந்தால் வேலை சுலபம். ஒரு வாரத்துக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போய், சீல் வாங்கி, மறுபடி மாட்டுகிற கூத்தும் நடக்கிறது.

இதையெல்லாம் நான் தியரியாகப் பேசவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், பெயர் வேண்டாம். பழைய ஜீப், பிரேக் லைன் ஒரே சர்க்யூட். ஒரு இடத்தில் எண்ணெய் போனால் நாலு சக்கரத்துக்கும் போச்சு. ஒரு வொர்க்‌ஷாப்பில் நாலு இஞ்ச் லிஃப்ட் போட்டுக் கொடுத்தார்கள். சேஸிஸிலிருந்து பின் அச்சுக்குப் போகிற ரப்பர் பிரேக் ஹோஸை மாற்றவில்லை, பழைய நீளமே. பண்டார்தரா ஏரிக்கரையில் பள்ளம் மேடாக ஏறி இறங்கி விளையாடியபோது அச்சு கீழே தொங்கித் தொங்கி ஹோஸ் இழுபட்டுக் கிழிய ஆரம்பித்திருக்கிறது. மறுநாள் திரும்பி வரும்போது கசாரா காட் இறக்கத்தில், முன்னால் லாரி, அழுத்திப் பிரேக் பிடித்தார். பெடல் தரையைத் தொட்டது. பின்னால் இரண்டு குழந்தைகள், பக்கவாட்டு பெஞ்சில், பெல்ட் கிடையாது. கியரை இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப் பக்கச் சுவரில் உரசி நிறுத்தினார். முருகன் புண்ணியத்தில் சிராய்ப்போடு போயிற்று. அந்த ஹோஸின் விலை சில நூறு ரூபாய். அன்றைக்கு அந்த வண்டியில் எரியாத எல்.ஈ.டி. ஒன்றுகூட இல்லை.

அந்தப் பக்கவாட்டு பெஞ்ச் கம்பெனி கொடுத்ததுதான், அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அதற்கு என் வீட்டில் கண்டுபிடித்த வழி: வீட்டுக்காரம்மாவும் பிள்ளைகளும் ரயிலில் இகத்புரிக்கோ லோனாவாலாவுக்கோ வந்துவிடுவார்கள். நான் விடியற்காலையில் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் ஏற்றிக்கொள்வேன். ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே கேன்வாஸ் கூரைக்கு அடியில் குழந்தைகள் இல்லை, ஜீப்பில் வருகிற கொஞ்ச தூரம் நிதானமான கிராமத்து ரோடு. போக வர டீசலும் ஹைவே டோலும் கொடுத்து இதென்ன சொகுசு என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

சரி, காசை எங்கே செலவு பண்ணலாம்? முதலில் ஒரு பழைய சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுங்கள். கையில் டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவரும். மும்பைக் கடல் காற்றும் நாலு மாத மழையும் சேஸிஸை உள்ளேயிருந்து தின்னும். ஸ்பிரிங் ஷேக்கிள் பிடிக்கிற இடம், பாடி மவுண்ட், குறுக்குச் சட்டம் எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கேட்டால் இரும்பு. 'டொப்' என்று கேட்டால் பட்டி, அதற்கு மேல் பெயிண்ட். ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போனால் அந்த வண்டி வேண்டாம், ஓனருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

அது தேறினால் பிரேக். மாஸ்டர் சிலிண்டர், நாலு வீல் சிலிண்டர், எல்லா ஹோஸும், இரும்புப் பைப்பும் புதுசு. பிறகு கிங் பின் பேரிங், ஸ்டியரிங் பால் ஜாயிண்ட். 50 கிலோமீட்டர் வேகத்தில் முன் சக்கரம் டான்ஸ் ஆடுகிற ஜீப்புக்கு மருந்து அங்கேதான், ஸ்டியரிங் டாம்பர் மாட்டி மறைப்பதில் இல்லை. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். வயரிங் முழுசாக மாற்றுங்கள், ஒவ்வொரு லைனுக்கும் ஃபியூஸோடு. கமானியை (இங்கே உஸ்தாத்கள் லீஃப் ஸ்பிரிங்கை அப்படித்தான் சொல்வார்கள்) கழற்றி, உடைந்த பிளேட்டை மாற்றி, பழைய வளைவுக்குக் கொண்டு வந்தால் வண்டி தானாகவே நிமிரும். நம்ம ஆட்கள் லிஃப்ட் கேட்பதில் பாதி, ஸ்பிரிங் படுத்துப் போனதற்காகத்தான்!

இதற்கெல்லாம் குர்லா சி.எஸ்.டி. ரோடு இருக்கிறது. கடையில் பேரம் பேசத் தெரிந்தால் ஜீப்புக்குக் கிடைக்காத சாமான் கிடையாது. பழைய ஸ்டீல் ரிம்கூட நாலு பார்த்து எடுக்கலாம். கேன்வாஸ் ஹூட் தைக்க நான் தாராவிக்குப் போனேன். 90 அடி ரோட்டுக்கு உள்ளே, திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருத்தர், தோல் பை தைக்கிறவர். "ஜீப்பெல்லாம் தைச்சதில்லையே" என்று இழுத்தவர், பழைய ஹூட்டைப் பிரித்து அளவு எடுத்துவிட்டு, "மூலையிலதான் தண்ணி இறங்கியிருக்கு, அந்த இடத்துக்கு இரட்டைத் துணி போட்டுருவோம்" என்றார். இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது, ஒரு சொட்டு இறங்கவில்லை. இதே காசை ஆன்லைனில் இறக்குமதி சாமானுக்குக் கொட்டுகிறோம். 2022 ஏலத்துக்கு அப்புறம் தாராவியை இடித்துக் கட்டுகிற பேச்சு எந்தெந்தக் கடையை எங்கே கொண்டு போடுமோ என்கிற கவலையில் அவர் இருக்கிறார். உங்களுக்கு வேலை இருந்தால் இப்போதே கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஸ்நார்க்கலுக்கு ரசிகர்கள் அதிகம். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியதைப் பார்த்த ஊர் இது, எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் ஸ்நார்க்கல் காப்பாற்றுவது எஞ்சின் மூச்சை மட்டும். டிஃபரன்ஷியலுக்கும் கியர் பாக்ஸுக்கும் தனித்தனி மூச்சுத் துளை உண்டு. சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் அந்தத் துளை வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், உள்ளே எண்ணெய் மோர் மாதிரி ஆகிவிடும். அந்தத் துளையில் ஒரு ரப்பர் குழாயைச் சொருகி மேலே ஏற்றிக் கட்ட நூறு ரூபாய் ஆகுமா? தும்பிக்கை வைத்த வண்டி எத்தனையில் அந்தக் குழாய் இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். ஆனால் முழங்காலுக்கு மேல் ஓடுகிற ஓடையில் குடும்பத்தோடு இறங்குகிறவனுக்குக் குழாயும் வேண்டாம், ஸ்நார்க்கலும் வேண்டாம், நாலு பேர் சேர்ந்து தலையில் தட்டினால் போதும். அலிபாக் பக்கம் ஈர மணலில் இறக்கி, அலை வந்து, டிராக்டர் வைத்து இழுக்கிற கதையும் இந்தக் கணக்குதான். உப்புத் தண்ணீர் பட்ட சேஸிஸுக்கு எந்த உஸ்தாதும் மருந்து வைத்திருக்கவில்லை.

"இவ்வளவு கஷ்டத்துக்குப் புது தார் வாங்கிடலாமே?" என்பார் ஒருத்தர். வாங்குங்கள், யார் வேண்டாமென்றது? ஏர்பேக் இருக்கு, ஏ.பி.எஸ். இருக்கு. ஆனால் அதை வாங்கின மறு வாரமே அதற்கும் பெரிய டயரும் லைட் பட்டையும் மாட்டப் போகிற ஆள்தான் இதைக் கேட்கிறார் :-)

கேம்பிங்குக்கு வேண்டியது ரொம்பக் கொஞ்சம். ஒரு தார்பாலின், கயிறு, மண்வெட்டி, ஜாக், ஜாக் புதையாமல் இருக்க ஒரு கனத்த பலகை, இழுக்கிற பட்டை, 20 லிட்டர் தண்ணீர் கேன், அடுப்பு. சேற்றில் டயரின் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரைக்கும் இறக்கினால், பெரிய டயர் கொடுப்பதாகச் சொல்கிற பிடிப்பில் பெரும்பங்கு சும்மாவே கிடைக்கும். ரோட்டுக்கு வந்ததும் திரும்ப நிரப்ப பாட்டரியில் ஓடுகிற சின்ன கம்ப்ரஸர் போதும். சமையல் சாமானுக்கு மாட்டுங்கா மார்க்கெட். வாழை இலை, தேங்காய், முருங்கைக்காய் எல்லாம் அங்கே முடிந்துவிடும். கூரை மேல் டென்ட் அம்பது கிலோவுக்கு மேல் கனம். உயரமான இடத்தில் அத்தனை கனத்தை ஏற்றிக்கொண்டு ராஜ்மாச்சி பாதையில் போகிறவரைக் கண்டால் நான் வண்டியை ஓரமாக நிறுத்தி வழி விட்டுவிடுவேன். லோனாவாலாவிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் அந்தப் பாதை. பெரும்பாலும் சரளையும் சேறும், ஒரு பக்கம் சரிவு.

அந்தப் பக்கங்களிலும் பண்டார்தராவிலும் மே கடைசியிலும் ஜூன் ஆரம்பத்திலும், முதல் மழைக்குச் சற்று முன்னால், மரம் மரமாக மின்மினி பூக்கும். ஒரு மரம் முழுக்க ஒரே நேரத்தில் எரிந்து அணையும். இருட்டு இருந்தால்தான் அதுகள் ஒன்றையொன்று கண்டுபிடித்து இணை சேர முடியும். அங்கேதான் நம்ம பில்ட் பண்ணின வண்டிகள் வரிசையாக வந்து நெற்றி லைட்டைப் போடுகின்றன. போன தடவை அப்படி ஒரு வண்டி வந்து நின்றது. காடு முழுக்கப் பகல் மாதிரி ஆச்சு, மரம் அணைந்துவிட்டது. இறங்கி வந்தவர், "எங்க சார் மின்மினி? ஒண்ணையும் காணோமே?" என்று என்னிடமே கேட்டார். லைட்டை அணைங்க சார், ஒரு பத்து நிமிஷம் சும்மா நில்லுங்க என்றேன். அணைக்க அவருக்குச் சுவிட்ச் கிடைக்கவில்லை. வயரிங் போட்டவன் அதை எங்கே வைத்தான் என்று தெரியவில்லையாம்.